மானிட்டர் திரையில் ஒற்றைக் கோடு: வீட்டிலேயே சரிசெய்யலாமா?

பழைய சிஆர்டி (படக்குழாய்) மானிட்டரின் நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு மட்டும் வருகிறது என்கிறீர்கள். இது அவ்வளவு கெட்ட செய்தி அல்ல. கோடு தெரிகிறது என்றாலே உயரழுத்தப் பகுதியும் படக்குழாயும் உயிரோடு இருக்கின்றன. எலக்ட்ரான் கற்றையை மேலும் கீழும் நகர்த்தும் செங்குத்துப் பகுதிதான் படுத்துவிட்டது. வெளிச்சத்தை உடனே குறையுங்கள். இல்லையெனில் அந்தக் கோடு திரைப்பூச்சைக் கருக்கி நிரந்தரத் தழும்பாகிவிடும்.

மூடியைக் கழற்றும் முன் ஒரு விஷயம். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே மின்சாரம் மிச்சமிருக்கும். வண்ணக் குழாயில், ரப்பர் தொப்பி மூடிய முனையில் சுமார் 25,000 வோல்ட் இருக்கலாம். பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு) 300 வோல்ட்டுக்கு மேல். அதை ஒரு குண்டு பல்பின் வழியாக வடித்துவிடுங்கள். தொப்பிக்கு வேறு வழி: நல்ல பிளாஸ்டிக் கைப்பிடியுள்ள ஸ்குரூடிரைவரின் தண்டில் ஒயரைக் கட்டி, மறுமுனையைக் குழாயின் முதுகில் ஓடும் பின்னல் கம்பியில் இணைத்து, நுனியைத் தொப்பிக்கு அடியில் செருகுங்கள். ‘சட்’டென்று பொறி பறக்கலாம். சில நிமிடம் கழித்து மறுபடியும் செய்யுங்கள், மின்னூட்டம் திரும்ப ஊறி வரும். இன்னொரு கை முதுகுக்குப் பின்னாலேயே இருக்கட்டும். இதைப் படிக்கும்போதே தயக்கம் வந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், அதில் வெட்கமில்லை.

மிச்சம் எளிது. வெப்பத்தகட்டில் திருகப்பட்ட செங்குத்துப் பகுதியை இயக்கும் ஐசி என்ற சில்லின் கால்களைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஈயத்தைச் சுற்றி மெல்லிய வளைய விரிசல் தெரிந்தால் அதுதான் குற்றவாளி. புது ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். இல்லையென்றால் அருகே சூட்டில் காய்ந்த கெபாசிட்டர்களை மாற்றுங்கள், கடைசியாக ஐசியை. குழாயின் கழுத்தில் மட்டும் இடித்துவிடாதீர்கள்.