யவனமா, கிரேக்கமா, ஹெல்லாஸா?

கேள்வி: தபால்தலை சேர்க்கும் என் மகனிடம் 'ஹெல்லாஸ்' என்று அச்சிட்ட தலை ஒன்று இருக்கிறது. அது கிரேக்க நாட்டுடையது என்கிறான். யுனானி மருத்துவமும் அங்கிருந்து வந்தது, சங்கப் பாட்டில் வரும் யவனரும் அந்த ஊர்க்காரர்கள்தான் என்கிறார்கள். ஒரே நாட்டுக்கு ஏன் இத்தனை பெயர்?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் மகன் சொல்வது சரி. ஹெல்லாஸ்தான் அந்த நாட்டுக்காரர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர், இன்றைய பேச்சில் 'எல்லாதா'. மற்றதெல்லாம் வெளியார் வைத்தது. முதலில் எந்தக் கூட்டத்தோடு பழகினார்களோ, அந்தக் கூட்டத்தின் பெயரையே எல்லோருக்கும் போட்டுவிட்டார்கள்.

வடமேற்குக் கிரேக்கத்தில், இத்தாலியைப் பார்த்த பக்கத்தில், தொதோனா என்ற ஊர். அந்த வட்டாரத்து மக்களை முன்பு 'கிராய்க்கோய்' என்று அழைத்தார்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். ரோமானியர் வாயில் அது கிரேக்கி ஆனது, ஐரோப்பிய மொழிகள் வழியாக நமக்குக் கிரேக்கம்.

கிழக்கே கதை வேறு. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் எபேசு, மிலேத்து போன்ற நகரங்களில் இருந்த கிரேக்கர்கள் அயோனியர். பாரசீகர்களுக்குப் பழக்கமானவர்கள் இவர்கள்தான், அதனால் அவர்களுக்கு எல்லாக் கிரேக்கரும் 'யௌனா'. எபிரேயத்தில் யாவான் (தமிழ் பைபிளில் ஆதியாகமம் 10ஆம் அதிகாரத்தில் பாருங்கள், அப்படியே இருக்கும்), அசோகர் கல்வெட்டில் யோனர், வடமொழியில் யவனர், அரபியில் யூனான். அந்த யூனானின் மருத்துவம்தான் யுனானி.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒரு எழுத்து. அயோனியரின் பழைய பெயர் 'இயாவோனெஸ்', நடுவில் வகரம் உண்டு. பிற்காலத்தில் கிரேக்கர்கள் தங்கள் உச்சரிப்பில் அதை விட்டுவிட்டார்கள், பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய கப்பல்காரர்களை அகநானூறு 149 'யவனர்' என்று சொல்லும்போது அந்த வகரம் பத்திரமாக இருக்கிறது! (சங்க காலத்தில் ரோமானியரையும் சேர்த்தே யவனர் என்றார்கள், அதை மறந்துவிட வேண்டாம்.)

அப்புறம், நம் நாட்டுப் பெயருக்கும் இவர்களிடம் கணக்கு இருக்கிறது. சிந்து பாரசீகத்தில் ஹிந்து ஆனது. அயோனியர் பேச்சில் சொல்லின் முதலில் ஹகரம் நிற்காது, அதனால் அவர்கள் வாயில் அது 'இந்தோஸ்'. இந்தியா வந்தது அந்த வழியில்தான்.