சதவீதம் சரி, எதில் சதவீதம்? ஈரப்பத அலகுகள்: கேள்வி-பதில்

கேள்வி: காலையில் 25 டிகிரி, ஈரப்பதம் 90%. மதியம் 35 டிகிரி, ஈரப்பதம் 51%. இடையில் அவ்வளவு நீராவியும் எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. எனக்கு வரும் குழப்பங்களில் பாதி இந்தச் சதவீதக் குறியால் வருபவைதான். நீங்கள் சொல்லும் சதவீதம் ஒப்பு ஈரப்பதம்; அது நீராவியின் அளவைச் சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் காற்று பூரிதமாக, அதாவது இனி நீராவி சேர முடியாத நிலையை அடைய, எவ்வளவு வேண்டுமோ, அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். நீராவியின் அளவை அது தரும் அழுத்தத்தாலும் குறிக்கலாம். பூரித நீராவி அழுத்தம் 25 டிகிரியில் சுமார் 31.7 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), 35 டிகிரியில் 56.2. காலையில் உங்களிடம் இருந்தது 31.7இல் 90%, அதாவது 28.5. மதியமும் அதே 28.5தான். அதை 56.2ஆல் வகுத்துப் பாருங்கள், 51% வந்து நிற்கும்.

கேள்வி: கனமீட்டருக்கு இத்தனை கிராம், கிலோவுக்கு இத்தனை கிராம் என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலாவது, ஒரு கனமீட்டர் இடத்தில் உள்ள நீராவி. பூரிதக் காற்றில் 20 டிகிரிக்கு சுமார் 17.3 கிராம், 30 டிகிரிக்கு 30.4. திறந்த வெளியில் காற்று சூடானால் விரியும். நீராவி குறையாமலேயே இந்த எண் இறங்கிவிடும். இரண்டாவது கலப்பு விகிதம், ஒரு கிலோ உலர்ந்த காற்றுக்குக் கணக்கு. காற்று விரிந்தாலும் மேலே ஏறினாலும், நீராவி நீராகாதவரை மாறாது. கணக்குப் போட எனக்குப் பிடித்தது இதுதான்.

கேள்வி: புழுக்கத்தை எந்த எண் காட்டும்?

பனிநிலை, அதாவது காற்று குளிரக் குளிர அதன் நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை. அது 24 டிகிரியைத் தாண்டினாலே பெரும்பாலோருக்குப் புழுங்கும். வீட்டிலேயே பார்க்கலாம்: பளபளப்பான உலோகக் குவளையில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள். வெளிப்புறம் முதன்முதலாக மங்கும்போது உள்ளிருக்கும் வெப்பமானி காட்டுவது ஏறக்குறைய பனிநிலை. குனிந்து பார்க்கையில் மூச்சு படக்கூடாது. பட்டால் முன்னதாகவே மங்கிவிடும்.

கேள்வி: என்னிடம் இரண்டு ஈரப்பதமானிகள். ஒன்று 62, மற்றது 70. எதை நம்புவது?

இப்போதைக்கு இரண்டையும் நம்பாதீர்கள். சமையல் உப்பில் சில துளி நீர் விட்டு ஈரமணல் போல ஆக்குங்கள், கரைந்து ஓடக்கூடாது. பாட்டில் மூடி ஒன்றில் அதை வைத்து, கருவிகளோடு காற்றுப்புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். சாதாரண அறை வெப்பத்தில் உள்ளே 75% நிலவும். அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுவே கருவியின் பிழை.

கேள்வி: வானிலை வரைபடத்தில் நீராவி மில்லிமீட்டரில் இருக்கிறதே?

தலைக்கு மேலுள்ள காற்றுத் தூணின் நீராவி முழுவதும் நீராகிவிட்டால் தரையில் நிற்கும் உயரம் அது. ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. மழைக் கணிப்பு என்று படித்துவிடாதீர்கள். 50 காட்டும் நாளில் ஒரு தூறல்கூட விழாமல் போவதுண்டு.