மேலதிக விசாரணைகள்

வணக்கம் ஐயா,

நான் பண்டாரவளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள், அங்கிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் ஒன்றில் என்னையும் கணவரையும் மூன்று இரவுப் பயணம் அழைத்துப்போக டிக்கெட் எடுத்திருக்கிறாள். அதைக் கேட்ட நாள்முதல் என் கணவர் கைபேசியும் கையுமாக இருக்கிறார். கவிழ்ந்த கப்பல், எரிந்த கப்பல், நோய் பரவிய கப்பல் என்று தேடித் தேடிப் பார்க்கிறார். "கடலில் போய்ச் சாக நான் தயாரில்லை" என்று சொல்லிவிட்டார். இதே மனிதர் வாரந்தோறும் எல்ல – வெல்லவாய வீதியில் பஸ்ஸில் போய் வருகிறார். 2025 செப்டெம்பரில் அந்த வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தது அவருக்குத் தெரியாததல்ல. அதைச் சொன்னால் "அது வேறு, இது வேறு" என்கிறார். ஊடகங்கள் விபத்துகளை ஊதிப் பெருக்குவதால்தானே மக்களுக்குக் கப்பல் என்றாலே இந்தப் பயம்? நீங்கள் பத்திரிகையில் இருந்தவர். நாலு வரி எழுதினால் அவருக்குக் காட்டுவேன்.

ஒரு வாசகி, பண்டாரவளை

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கணவர் சொன்னது சரி. அது வேறு, இது வேறு.

வெல்லவாய பஸ்ஸில் அவர் எத்தனையோ வருடங்களாகப் போய் வருகிறார். எந்த வளைவில் சாரதி கியரை இறக்குவார், எந்த இறக்கத்தில் பிரேக் சூடேறிய வாடை வரும், எந்தச் சாரதி கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே ஓட்டுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. மனம் ஒப்பாவிட்டால் மணியடித்து இறங்கிவிடலாம். அந்த வீதியில் நடந்த விபத்தை அவர் அறிந்தபோது, பத்திரமாக வீடு வந்து சேர்ந்த அவ்வளவு பயணங்களும் அவர் மனதில் இருந்தன. கப்பல் விஷயத்தில் அவருக்கு அப்படியொரு கையிருப்பு கிடையாது. அவர் மனதில் இருக்கும் கப்பலை ஆணி ஆணியாகச் செய்திதான் கட்டியிருக்கிறது. செய்தியில் வரும் கப்பல் ஒழுங்காகக் கரைசேர்ந்ததை யார் கண்டார்கள்? ஆகவே பஸ் கணக்கைக் காட்டி அவரை மடக்கப் பார்க்காதீர்கள். வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் போயிருக்கிறீர்களா? 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பு வழியாக ஜித்தாவுக்குப் போகவிருந்த டச்சு விமானம் ஒன்று சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. இலங்கை மண்ணில் அதைவிடப் பெரிய விமான விபத்து இன்றுவரை நடந்ததில்லை. அந்த விமானத்தின் டயர் ஒன்றை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வான் பிடித்து வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். சரி, அந்த மலையடிவாரத்துத் தோட்டங்களில் விமானம் என்றால் பயப்படுகிறார்களா? இல்லை. லயத்துக்கு ஒருவராவது குவைத்துக்கோ கட்டாருக்கோ போய் வந்திருக்கிறார். கட்டுநாயக்காவில் ஏறி இறங்கியவர்கள் வீட்டுக்கு வந்து சொன்ன கதைகள், அந்த 191 பேரின் கதையை மெல்ல மெல்ல ஓரமாக்கிவிட்டன. விபத்துச் செய்திக்கு எதிர்த்துப் பேச ஆளிருக்கும் ஊரில் அதன் பலம் பாதிதான். நம் மலையகத்தில் உல்லாசக் கப்பலைப் பற்றிப் பேச ஆளில்லை. உங்கள் கணவருக்குக் கிடைத்தது யூடியூப்.

ஆனால் ஊடகங்கள் ஊதிப் பெருக்குகின்றன என்ற உங்கள் குற்றச்சாட்டை நான் ஏற்கமாட்டேன். என் தொழிலுக்காக வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஊதிப் பெருக்குவது சின்னக் குற்றம். அதைவிடப் பெரிய குற்றங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, எந்த விபத்தைக் காட்டுவது என்ற தெரிவு. மற்றது, எந்த இடத்தில் கதையை நிறுத்துவது என்பது.

ஹட்டனில் நான் பிரதேச நிருபராக இருந்த காலத்தில், விபத்துச் செய்தி சொல்லக் கொழும்பு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி "எத்தனை பேர்?" என்று வரும். மூச்சுவிடாமல் அடுத்தது, "படம் இருக்கிறதா?" படம் இருந்தால் இரண்டு பேர் இறந்த விபத்தும் முதற்பக்கம் போகும். இல்லாவிட்டால் ஐந்து பேர் இறந்ததும் உட்பக்கத்து மூலையில் ஒடுங்கிவிடும். உலகச் செய்தியும் இதே புத்தியில்தான் நடக்கிறது. 1987 டிசம்பர் 20ஆம் திகதி பிலிப்பைன்ஸில் டோனா பாஸ் என்ற பயணிகள் கப்பல் எண்ணெய்க் கப்பல் ஒன்றுடன் மோதி எரிந்து மூழ்கியது. இறந்தவர்கள் 4,000க்கும் மேல். டைட்டானிக்கில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். உங்கள் கணவர் பார்த்த காணொளிகளில் டோனா பாஸ் இருந்ததா என்று கேட்டுப்பாருங்கள். நத்தார் காலத்து நெரிசலில் போன ஏழைபாழைகள், இரவு நேரம், நடுக்கடல். காட்டுவதற்கு என்ன இருக்கிறது? அவ்வளவு தூரம் ஏன் போகவேண்டும்? 1864இல் நம் தோட்டங்களுக்கும் வீதி வேலைக்கும் ஆள் ஏற்றிவந்த ஆதிலட்சுமி கப்பல் மூழ்கி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மலையகத்தைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்களிலேயே பலருக்கு அந்தக் கப்பலின் பெயர் தெரியாது.

இப்போது கொஸ்டா கொன்கோர்டியா என்ற உல்லாசக் கப்பலுக்கு வருவோம். உங்கள் கணவர் முதலில் பார்த்த படம் அதுவாகத்தான் இருக்கும். 2012 ஜனவரி 13ஆம் திகதி இரவு இத்தாலியின் ஜிலியோ தீவுக்கு மிக அருகே போய்ப் பாறையில் மோதியது. 32 பேர் இறந்தனர். கப்பலில் இருந்தவர்கள் 4,200க்கும் மேல். அது ஆழ்கடலில் மூழ்கவில்லை. கரையோரத்தில், தீவின் வீடுகளுக்கு முன்னால், வெள்ளை வெளேரென்று ஒருக்களித்துப் படுத்தது. 2013 செப்டெம்பரில் நிமிர்த்தி, 2014 ஜூலையில் ஜெனோவாவுக்கு இழுத்துப்போகும்வரை இரண்டரை வருடம் அங்கேயே கிடந்தது. எந்தத் தொலைக்காட்சிக்காரனும் எப்போது வேண்டுமானாலும் போய்ப் படம் பிடிக்கலாம். கப்பலென்றால் சாயும் என்று ஒரு தலைமுறைக்கே பதிந்துபோனதற்கு அந்த இரண்டரை வருடம் முக்கிய காரணம்.

சரி, அந்தக் கதையில் நமக்கு எதைச் சொன்னார்கள்? கப்டனைச் சொன்னார்கள். பயணிகள் உள்ளே இருக்க அவர் முன்னதாகவே கரையேறியது, கரையோரக் காவல் அதிகாரி தொலைபேசியில் அவரைக் கப்பலுக்குத் திரும்பிப் போ என்று அதட்டியது, பிறகு 16 வருடச் சிறை. வில்லன் கிடைத்துவிட்டால் கதைக்கு வேறென்ன வேண்டும்? சொல்லாமல் விட்டது இது. அன்று மாலை சிவிதாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய ஏறத்தாழ 700 பயணிகளுக்கு ஆபத்துக்கால ஒத்திகையே நடக்கவில்லை. மறுநாள் நடத்துவதாக இருந்தார்கள். அது சட்டவிரோதமும் அல்ல. ஏறி 24 மணித்தியாலத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அன்றைய சர்வதேச விதி. கப்பல் பாறையில் மோதி ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியும் வெளியேறும் கட்டளை வரவில்லை. மின்சாரக் கோளாறு என்று பயணிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்த இடத்தில் கூடவேண்டும் என்பதே தெரியாமல் மக்கள் சரிந்த நடைவழிகளில் அலைந்தார்கள்.

இதற்குப் பிறகு விதி மாறியது. 2015 ஜனவரி 1 முதல், புதிதாக ஏறிய பயணிகளுக்குக் கப்பல் புறப்படுமுன், அல்லது புறப்பட்ட உடனேயே, ஒத்திகை நடத்தியாக வேண்டும். உங்கள் மகள் பதிவுசெய்த கப்பலிலும் இதைப் பார்ப்பீர்கள். அறைக் கதவின் உட்பக்கத்தில் நீங்கள் கூடவேண்டிய இடத்தின் எழுத்தோ எண்ணோ ஒட்டியிருக்கும். ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் அங்கே போகவேண்டும். உயிர்காப்பு அங்கியின் வாரை எப்படி இழுத்து மாட்டுவது என்று காட்டுவார்கள். பக்கத்தில் நிற்பவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். நீங்கள் ஆசிரியை, கவனித்துக் கேளுங்கள்.

நம் நாட்டுத் தமிழ்ப் பத்திரிகையில் விபத்துச் செய்தியின் கடைசி வரி உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: "மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்." அந்த மேலதிக விசாரணையில் என்ன தெரியவந்தது என்று எப்போதாவது வாசித்திருக்கிறீர்களா? 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டி எல்லவில் பஸ் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. சாரதியின் வேலை நேரம், பஸ்ஸின் வயது, வீதியோரத் தடுப்பு என்று விசாரிக்க வேண்டிய விஷயங்கள் எத்தனை! படங்கள் தீர்ந்ததும் எழுத்தும் தீர்ந்துவிட்டது. பாதிக் கதையோடு வாசகனை விட்டுவிட்டால் அவனிடம் பயம் மட்டும்தான் தங்கும். உலகக் கப்பல் செய்திக்கும் நம் பஸ் செய்திக்கும் இதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

யாரும் சாகாத விபத்துக்கும் இதே கதிதான். 2013 பெப்ரவரியில் கார்னிவல் ட்ரயம்ப் கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. மின்சாரம் போய், கழிப்பறைகள் நிரம்பி, 4,000க்கும் மேற்பட்டவர்கள் மெக்சிக்கோ வளைகுடாவில் நாட்கணக்காக நாறினார்கள். இழுவைப் படகுகள் அதைக் கரைக்கு இழுத்துவருவதை அமெரிக்கத் தொலைக்காட்சிகள் தேர்த்திருவிழாபோல நேரலையாகக் காட்டின. அதற்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. எரிபொருள் குழாய் ஒன்று கசிந்ததுதான் காரணம் என்பது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? கப்பல் கம்பனிக்கு மட்டும் எது போய்ச் சேர்ந்தது என்பது தெரிந்திருந்தது. பின்னர் கோடி கோடியாகச் செலவழித்துக் கப்பலைப் புதுப்பித்து, 2019இல் அதன் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

இவ்வளவு காட்டியும் மக்கள் கப்பலைக் கைவிட்டார்களா என்றால், இல்லை. 2012இல் உலகம் முழுதும் உல்லாசக் கப்பலேறியவர்கள் 2 கோடியை ஒட்டி. 2019இல் கிட்டத்தட்ட 3 கோடி. கொரோனாக் காலத்தில் யோக்கோஹாமா துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் அடைபட்டு, 712 பேருக்குத் தொற்றுக் கண்டதை உலகமே பார்த்தது. அப்படியிருந்தும் 2024இல் எண்ணிக்கை 3 கோடி 46 இலட்சம். ஏற்கெனவே போய் வந்தவன் கட்டணம் குறைந்ததென்று மறுபடி போகிறான். ஒருமுறைகூடப் போகாதவனிடம்தான் பயம் உறைந்து நிற்கிறது. இதை வைத்துக் கம்பனிகள் நல்லவை என்று சொல்லவரவில்லை. சிரித்த முகமும் நீல வானமுமாக அவை அச்சிடும் விளம்பரமும் பாதிக் கதைதான்.

இதில் நாமும் மாட்டியிருக்கிறோம், டீச்சர். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டு வெடித்தது கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும். மே மாதம் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 37,802 பேர். முந்திய வருடம் அதே மாதம் 129,466 பேர். எல்லவில் அறைகள் பூட்டிக் கிடந்தன. நுவரெலியாவில் கைடு வேலை செய்த பையன்கள் கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றப் போனார்கள். "இங்கே ஒன்றும் நடக்கவில்லையே" என்று நாம் தலையிலடித்துக்கொண்டோம். ஜெர்மனியில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு எல்லவும் கொழும்பும் ஒன்றுதான். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்தது இது. கணவருக்கு ஞாபகமிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. நம் பத்திரிகைகளுக்குக் கப்பல் செய்தி இரண்டே வகை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்ததுபோல வரவேற்புச் செய்தி, அல்லது விபத்து. கப்பலில் வேலை செய்கிறவன் இரண்டிலும் இருக்கமாட்டான். ஒரே ஒருமுறை இருந்தான். 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில், எம்எஸ்சி மக்னிஃபிகா என்ற உல்லாசக் கப்பல் கொழும்புக்கு வெளியே வந்தபோது, அதில் சமையல் வேலை செய்த இலங்கையர் தன்னை இறக்கிவிடும்படி காணொளியில் வேண்டினார். கடற்படை படகில் போய் அழைத்துவந்தது. கொன்கோர்டியாவில் கடைசியாக, 2014 நவம்பரில், கண்டெடுத்த உடல் ஓர் இந்தியப் பணியாளருடையது. மலையகத்துப் பிள்ளைகளும் ஹோட்டல் பயிற்சி முடித்துக் கப்பலுக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவனை உங்கள் கணவரோடு பேசவைத்தால், என் கட்டுரையைவிட நல்ல பலன் கிடைக்கும். ஹட்டன், பதுளைப் பக்கம் விசாரித்தால் ஆள் அகப்படும்.

அதன் பிறகும் அவர் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். வற்புறுத்தி ஏற்றிய மனிதரோடு மூன்று இரவு ஓர் அறையில் இருப்பது உங்களுக்குத்தான் தண்டனை. சம்மதித்தால், எந்தக் காணொளியும் சொல்லாத விஷயங்கள் சிலவற்றைக் கவனியுங்கள். கப்பல் மருத்துவரின் கட்டணம் டொலரில் வரும், கையைக் கடிக்கும். பயணக் காப்புறுதி எடுத்தாயிற்றா என்று மகளிடம் கேளுங்கள். பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு பல மணித்தியாலம் கழித்துத்தான் அறைக்கு அனுப்புவார்கள். ஆகவே பிரஷர் மாத்திரையோ சீனி வருத்த மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், அது கைப்பையில் இருக்கட்டும். தலைசுற்றலுக்கான மாத்திரையைப் பண்டாரவளையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் கடையில் விலை கேட்டால் அதற்கே தலைசுற்றும்.