தேவகோட்டைச் சகோதரிக்கு: மகளைப் பற்றிக் கேட்டீர்கள், மகனையும் பாருங்கள்

சகோதரி, 16 வயது மகள் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டாள், அப்பத்தாவோ "குச்சியாட்டம் இருக்கா" என்று நெய் சேர்ந்த இனிப்பான கும்மாயத்தைத் திணிக்கிறார், நடுவில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் காரைக்குடியில் வளர்ந்தவள். என் அப்பத்தா என் மணிக்கட்டைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பார்ப்பார். விரல்நுனிகள் முட்டிவிட்டால் அன்று சோற்றில் இன்னொரு கரண்டி நெய் விழும்.

இந்த அப்பத்தாக்கள் மேல் கோபப்படாதீர்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து அரிசி வரத்து நின்ற காலத்தைக் கேட்டும் பார்த்தும் வளர்ந்தவர்கள். பூசின உடம்புதான் அவர்களுக்கு நிறைந்த வீட்டின் அடையாளம். மகளுக்கோ கைப்பேசியில் தெரியும் இடுப்புதான் அளவுகோல்.

எடைப் பேச்சை வீட்டில் அடியோடு நிறுத்துங்கள், "இளைச்சிட்டியே, அழகாயிருக்கே" என்பதையும் சேர்த்துத்தான். உயரத்துக்கேற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் பெரியவர்களுக்கானதை அவளுக்குப் போடாதீர்கள், இந்த வயதுக்குத் தனி அட்டவணை உண்டு. மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, தலைசுற்றினாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், 19 வயது மகன் ஜிம்முக்குப் போய்ப் புரோட்டீன் பவுடர் குடிப்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் உறுத்தியது. தோள் அகலம் போதவில்லை என்ற தவிப்பும் இதே தவிப்புதான், ஆண்பிள்ளை என்பதால் யாரும் கேட்பதில்லை. சாதாரணமாக உடம்பின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும், பயிற்சி செய்தால் சற்றுக் கூடுதல். முட்டை, பருப்பு, மீனிலேயே அது கிடைத்துவிடும். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை வாங்கிப் படியுங்கள்.

அப்பத்தாவிடம் நீங்களே பேசுங்கள். மகள் முன்னால் வேண்டாம்.