சீமைக்கருவேலத்தில் வில் செய்யலாமா?

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். புஞ்சையில் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்டி அப்புறப்படுத்தியபோது, ஆறரை அடிக்கு ஏறக்குறைய நேராக ஒரு தண்டு கிடைத்ததாம். அடிப்பக்கம் நாலு அங்குலம் பருமன். விறகில் சேர்க்க மனம் வராமல் எடுத்து வைத்திருக்கிறார். போன வருஷம் வேறொரு கட்டையில், காணொளி ஒன்றில் சொன்ன ஆங்கிலேய நெடுவில்லின் அளவுகளை அப்படியே வைத்து ஒரு வில் செய்தார். நாலே நாளில் நாணைக் கழற்றினாலும் நிமிராமல் வளைந்தே நின்றது. உள்பக்கம் குறுக்கே மெல்லிய சுருக்கங்கள். "இந்த மரம் வில்லுக்கு ஆகுமா? ஆகுமென்றால் எத்தனை அங்குல அகலம், எத்தனை அங்குலத் தடிமன் வைக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

ஆகும். நானே இந்த மரத்தில் இரண்டு வில் செய்திருக்கிறேன். ஒன்று கணு இருந்த இடத்தில் முறிந்தது, மற்றொன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதன் அளவை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. போன வருஷம் உங்கள் வில் கெட்டதற்குக் காரணமே வேறொரு மரத்தின் அளவைக் கடன் வாங்கியதுதான்.

என்ன நடந்தது என்று பார்ப்போம். வில் வளையும்போது வெளிப்பக்கம், அதாவது இலக்கைப் பார்க்கும் முதுகு, இழுபடுகிறது. நம்மைப் பார்க்கும் உள்பக்கம், அதாவது வயிறு, நசுங்குகிறது. பொதுவாக மரம் இழுவிசையைத் தாங்கும் அளவுக்கு நசுக்கலைத் தாங்காது. அதனால் முதுகு முறிவதற்கு முன்பே வயிறு சோர்ந்துபோகும். அப்படி நசுங்கிய இழைகள்தான் நீங்கள் பார்த்த குறுக்குச் சுருக்கங்கள். ஆங்கிலேய நெடுவில் யூ என்ற ஊசியிலை மரத்தில் செய்வது. அதன் வைரம், அதாவது தண்டின் உள்ளே இருக்கும் கெட்டியான பகுதி, நசுக்கலை வெகுவாகத் தாங்கித் திரும்பக்கூடியது. அதனால்தான் ஒடுக்கமாகவும், தடித்தும், வயிற்றை உருட்டியும் செய்தார்கள். 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட 'மேரி ரோஸ்' கப்பலில் கிடைத்த வில்கள் எல்லாம் அந்த வடிவம்தான். அந்த மரத்துக்கு அந்த வடிவம் சரி. வேறு மரத்தில் அதைச் செய்தால், உருண்ட வயிற்றின் நடுவில் ஒரு மெல்லிய கோடு மட்டும் மொத்தச் சுமையையும் ஏற்க வேண்டியிருக்கும்.

யூ கிடைக்காத இடத்தில் என்ன செய்தார்கள்? டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944இல் கிடைத்த வில்கள் ஏறக்குறைய 9,000 ஆண்டுப் பழையவை. அவை எல்ம் மரம். கைப்பிடிக்கு இருபுறமும் அகலமாக, தட்டையாகச் செய்திருக்கிறார்கள். சுமை ஒரு கோட்டில் குவியாமல் பரந்து இறங்குகிறது. அறிமுகமில்லாத மரம் கையில் வந்தால் நான் முதலில் நினைப்பது இந்த வில்லைத்தான். அகலம், தட்டை, நீளம்: இந்த மூன்றும் தெரியாத மரத்திடம் நாம் வாங்கிக்கொள்ளும் காப்பீடு.

சரி, உங்கள் தண்டுக்கு வருவோம். முதல் வேலை உலர்த்துவது. பச்சை மரத்தில் செய்த வில் எவ்வளவு நல்ல மரமானாலும் வளைந்தே நின்றுவிடும். இப்போதே பட்டையைக் கவனமாக உரித்துவிடுங்கள். பட்டைக்கு அடியில்தான் வண்டு முட்டையிடும். சீமைக்கருவேலத்தில் வைரத்தைச் சுற்றியிருக்கும் மஞ்சளான வெள்ளைப் பகுதியை அது மாவாக்கிவிடும். உரித்தவுடன் இரண்டு முனைகளுக்கும், உரித்த பரப்புக்கும் பெயின்ட் அல்லது மரப்பசையைப் பூசுங்கள். இல்லையென்றால் இரண்டே நாளில் வெயில் முதுகைப் பிளந்துவிடும். உரிக்கும்போது கத்தி மரத்துக்குள் இறங்கக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். கையுறை போடுங்கள், இந்த முள் குத்தினால் பல நாள் வலிக்கும்.

பிறகு இரும்பு ஆப்பு வைத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கப் பாருங்கள். நேரிழையாக இருந்தால் நேராகப் பிளக்கும். சீமைக்கருவேலத்தில் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதும் உண்டு. பிளவு ஒரு பக்கமாக ஓடத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, உள்பக்கத்தை மட்டும் ரம்பத்தால் அறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு அங்குலத் தடிமனுக்குச் செதுக்கி, நேரான பலகை ஒன்றில் கட்டி, நிழலில் காற்றோடும் இடத்தில் வையுங்கள்.

எப்போது உலர்ந்தது என்று தெரிய எடைதான் வழி. மூன்று நாளைக்கு ஒருமுறை நிறுத்து அந்தக் கட்டையிலேயே எழுதுங்கள். இரண்டு வாரம் எடை மாறாவிட்டால், சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தக் காற்றே ஈரமாக இருந்தால்? காற்றில் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது, உலர் எடையில் 9 சதவீதம் அளவுக்கு மரத்தில் நீர் நிற்கும். 80 சதவீதமானால் ஏறக்குறைய 16. வில்லுக்கு வேண்டியது 8 முதல் 10. ஐப்பசி, கார்த்திகையில் உலர்ந்ததாகத் தோன்றும் மரம் வில்லுக்கு இன்னும் ஈரம்தான். பங்குனி, சித்திரையில் கடைசி வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அவசரமென்றால் கடைசி இரண்டு வாரம் தகரக் கொட்டகையின் கூரைக்கடியில் வைக்கலாம். எடுத்த எடுப்பில் அங்கே வைத்தால் வெடிக்கும்.

இனி மரத்திடமே கேட்கும் இரண்டு சோதனைகள். இரண்டுக்கும் அதே தண்டிலிருந்து அறுத்து, கூடவே உலர்த்திய மிச்சக் கட்டை போதும்.

முதலாவது அடர்த்தி. 10 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமனில் ஒரு துண்டு எடுங்கள். கன அளவு 40 கன செ.மீ. சமையலறைத் தராசில் 33 கிராம் வந்தால் அடர்த்தி 0.82. சீமைக்கருவேலம் பெரும்பாலும் 0.8ஐ ஒட்டித்தான் வரும், ஆனாலும் உங்கள் தண்டை நீங்களே நிறுத்துப் பாருங்கள். வளர்ந்த மண்ணையும், வைரம் எவ்வளவு பாய்ந்திருக்கிறது என்பதையும் பொறுத்து இது மாறும். வில்லின் அகலத்தை முடிவு செய்வது இந்த எண்தான். 0.8க்கு மேல் என்றால் அகலமான இடத்தில் ஒன்றரை அங்குலம் போதும். 0.65 முதல் 0.8 வரை என்றால் ஒன்றே முக்கால். அதற்கும் கீழே போனால் இரண்டு, இரண்டரை. மரத்தை இன்னும் சரியாக அறியாத முதல் வில் என்பதால் இதோடு கால் அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முறித்துப் பார்ப்பது. அரை அங்குலச் சதுரத்தில் இரண்டடிக் குச்சி சீவி, இரு முனைகளையும் செங்கல்மேல் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, நடுவில் மெல்ல அழுத்துங்கள். கொஞ்சம் வளைத்து விட்டு, முழுக்க நிமிர்கிறதா என்று பாருங்கள். இன்னும் கொஞ்சம், மறுபடி பாருங்கள். எந்த வளைவில் நிமிராமல் நிற்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் முறியுங்கள். நீளநீளமான சிலாம்புகளாகக் கிழிந்தால் நல்ல இழை. கேரட்டை ஒடித்ததுபோல் பட்டென்று குறுக்காக முறிந்தால் அந்தக் கட்டையை வில்லாக்காதீர்கள். அடர்த்தி நன்றாக இருந்து முறிவு மோசமாக இருக்கும் கட்டைகள் உண்டு, அதனால்தான் இரண்டு சோதனையும் வேண்டும். இதே அளவு மூங்கில் சிம்பையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் ஒப்பிட வசதி. நம் பக்கத்து மலைகளில், வயநாட்டுக் குறிச்சியர் பழங்குடியினர் உட்பட, பெரும்பாலும் மூங்கிலில்தான் வில் செய்து வந்திருக்கிறார்கள். அதன் குணத்தைக் கை அறியும்.

இப்போது வடிவம். நீளம் 70 அங்குலம் வையுங்கள். ஆறரை அடியில் வெடித்த முனைகளை அறுத்தாலும் இது தேறும். நடுவில் கைப்பிடிக்கு நாலு அங்குலம், அது வளையக் கூடாது. அதற்கு மேலும் கீழும் உள்ள கைகள் நடுப்பாகம் வரை முழு அகலத்தோடு போய், பிறகு நுனியில் அரை அங்குலமாகக் குறுகட்டும். குறுக்கு வெட்டு தட்டையான செவ்வகம், ஓரங்கள் மட்டும் லேசாக உருட்டியது.

முதுகைத் தொடாதீர்கள். பட்டைக்கு அடியில் இருந்த பரப்பு அப்படியே முதுகாக நிற்க வேண்டும். அங்கே இழைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடுகின்றன. இழைப்புளி ஒரே இடத்தில் அவற்றை அறுத்தாலும் அங்கிருந்து சிலாம்பு கிளம்பும். குளிர்நாட்டு மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும், ஒரே வளையத்தைப் பின்தொடர்ந்து வெட்டுவார்கள். சீமைக்கருவேலத்தில் வளையம் அப்படிப் பிரித்துத் தெரியாது. அதனால் வெள்ளையை நீக்கி வைரத்தில் முதுகு எடுக்க முயலாதீர்கள், வெள்ளை இழுவிசையை நன்றாகவே தாங்கும். மேடு பள்ளம் இருந்தால் இருக்கட்டும். முள் இருந்த கணுக்களைச் சுற்றிக் கொஞ்சம் மரம் கூடுதலாக விடுங்கள். என் முதல் வில் முறிந்தது ஒரு கணுவை அழகுக்காகச் சமன் செய்ததால்தான். கை தவறி முதுகில் வெட்டுப்பட்டால் பருத்தித்துணியை மரப்பசையால் முதுகு முழுக்க ஒட்டிவிடுங்கள், கொஞ்சம் பாதுகாப்பு.

எனவே சீவுவதெல்லாம் வயிற்றில்தான், தடிமனில்தான். நீங்கள் கேட்ட "எத்தனை அங்குலத் தடிமன்" என்பதற்கு ஏன் எண் சொல்ல முடியாது என்பது இங்கே புரியும். அகலத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு இரட்டிப்பாகும். தடிமனை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்காகும். தடிமனில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். அரை அங்குலத் தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்பது ஒன்றேகால் மில்லிமீட்டர். அந்த அளவுக்குச் சரியான எண்ணை வேறொரு கட்டையிலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது. கைப்பிடி ஓரத்தில் முக்கால் அங்குலத்தில் தொடங்குங்கள். முடியும்போது அரை அங்குலத்தை ஒட்டி எங்காவது நிற்கும்.

முதலில் நுனியைத் தரையில் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்து அழுத்தி, வில்லின் இரண்டு கைகளும் ஒரே மாதிரி வளைகின்றனவா என்று பாருங்கள். விறைத்து நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு, அதை மட்டும் சீவுங்கள். கொஞ்சம் வளைய ஆரம்பித்ததும் நுனிகளில் குதை வெட்டி (நாண் மாட்டும் காடியைத்தான் சொல்கிறேன்) நீளமான கயிறு ஒன்றை நாணாக மாட்டுங்கள். சுவரில் ஒரு கட்டை அடித்து, வில்லின் கைப்பிடியை அதில் உட்கார வைத்து, நாணோடு இன்னொரு கயிற்றைச் சேர்த்து, கீழே ஒரு கப்பி வழியாக அதைத் தள்ளி நின்று இழுங்கள். அந்தக் கயிற்றுக்கும் நாணுக்கும் நடுவே பெட்டி நிறுக்கும் தொங்கு தராசை மாட்டுங்கள். இதில் ஒரே ஒரு விதி: இலக்கு எடைக்கு மேல் எந்தக் கட்டத்திலும் இழுக்கக் கூடாது. முதல் வில்லுக்கு 30 பவுண்டு போதும், அதாவது 13.6 கிலோ. தராசு அதைக் காட்டியதும் நிறுத்துங்கள், வில் நாலு அங்குலமே வளைந்திருந்தாலும் சரி.

ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் இருபது, முப்பது முறை குறைவாக இழுத்து விடுங்கள். மரம் மாற்றத்தை ஏற்க அவ்வளவு நேரம் எடுக்கும். வளைவு சரியாக வர வர இழைப்புளியை வைத்துவிட்டு, அரத்துக்கும் பிறகு உடைந்த கண்ணாடியின் ஓரத்துக்கும் வாருங்கள். மாவு மாதிரித் தூள் உதிர வேண்டும். அந்தத் தூளை மூக்கில் ஏற்றாதீர்கள், முகக்கவசம் போடுங்கள்.

நாணைக் கழற்றும்போதெல்லாம் வில்லை ஒரு நேர்க்கோலில் வைத்துப் பாருங்கள். இந்தப் பழக்கம் இருந்திருந்தால் போன வருஷ வில் பிழைத்திருக்கும். நுனிகள் ஒரு அங்குலம் வயிற்றுப்பக்கம் சாய்ந்து நின்றால் மிக நல்லது, இரண்டு வரை பரவாயில்லை. நாணை 22 அங்குலம் வரை இழுக்கும் கட்டத்திலேயே இந்தச் சாய்வு இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் மரம் "போதும்" என்கிறது. அப்போது எந்த இடம் அதிகம் வளைகிறது என்று தேடி, மற்ற இடங்களைச் சீவி அதன் சுமையைக் குறையுங்கள். எடை 25 பவுண்டாகிவிடுமே என்று தயங்காதீர்கள். ஆரோக்கியமான 25 பவுண்டு வில், சோர்ந்த 35ஐ விட அம்பை நன்றாகத் தள்ளும்.

நாணுக்கு நைலான் வேண்டாம், நீண்டுகொண்டே போகும். முறுக்கிய பாலியஸ்டர் நூல் நல்லது. பழைய காலத்தில் மரல் நாரில் திரித்தார்கள். வேலியோரத்தில் இன்னும் முளைக்கும் செடிதான், பொறுமை இருந்தால் முயன்று பாருங்கள். அம்பு 20 கிராமுக்குக் குறையக் கூடாது. அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. எய்வது வைக்கோல் இலக்கில் மட்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், முயலுக்கும் அது பொருந்தும்.

வில் முடிந்ததும் எண்ணெய் பூசுவதற்கு முன்னால், கைப்பிடியின் உள்பக்கத்தில் அடர்த்தி, அகலம், மூன்று இடங்களின் தடிமன், இழுவை எடை, சாய்வு ஆகியவற்றை எழுதி வையுங்கள். உங்கள் புஞ்சையில் இன்னும் நிற்கும் மரங்களில் அடுத்த நேரான தண்டு கிடைக்கும்போது அந்த எண்களிலிருந்து தொடங்கலாம். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், என் வில்லின் அளவுகளை அப்போது உங்களுக்குத் தருகிறேன்.