வயிற்றினுள் பார்க்க உதவும் குழலான லேப்ராஸ்கோப்பின் படம் மங்கினால் பழுது குழலிலா, அதில் மாட்டும் கேமராவிலா?

வள்ளியூரில் அறுவை அரங்கச் செவிலியராக இருக்கும் தங்கை கேட்ட இந்தக் கேள்விக்கு விடையை மருத்துவமனையிலேயே கண்டுவிடலாம்.

இரு முனைக் கண்ணாடிகளையும் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் துடைத்து, கேமராவை மாட்டாமல் குழலைக் கண்ணருகே பிடித்து, சில அங்குலத் தொலைவிலுள்ள அச்செழுத்தைப் பாருங்கள். துடைத்த பிறகும் பனி படர்ந்தாற்போல் இருந்தால், பெரும்பாலும் ஈரம் உள்ளே இறங்கியிருக்கும். அதைப் பழுதுநீக்கத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். எழுத்து தெளிவாக இருந்தும் திரையில் கறை தெரிந்தால், கேமராவை அசைக்காமல் குழலை மட்டும் சுழற்றுங்கள்: கறையும் சேர்ந்து சுழன்றால் அது குழலில் இருக்கிறது, அசையாமல் நின்றால் கேமராவில்.

விளக்கின் வெளிச்சத்தைக் குழலின் நுனிக்குக் கொண்டுசெல்லும் ஒளியிழைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழலின் நுனியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, விளக்குக் கேபிள் மாட்டும் முனையைப் பார்த்தால், அறுந்த இழைகள் கரும்புள்ளிகளாகத் தெரியும். (விளக்குப் பெட்டியை எரியவிட்டு ஒருபோதும் நேராகப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கேடு.)

தண்ணீரையும் கவனியுங்கள். பாளையங்கோட்டையில் நான் முன்பு பணிபுரிந்த இடத்தில், கடைசி அலசலுக்கு உப்புக் கூடிய ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தியதால், கிருமிநீக்கத்துக்காக 134 பாகை செல்சியஸ் நீராவியில் வெந்து வந்த கண்ணாடியில் வெண்படலம் காய்ந்து ஒட்டியிருந்தது. நல்ல குழலையே பழுதென்று அனுப்பவிருந்தோம். சுத்திகரித்த ஆர்.ஓ. நீருக்கு மாறிய பின் அந்தப் படலம் வரவில்லை.