லிட்டில் சிங்கம் கார்ட்டூன், சூர்யா படத்திலிருந்து வந்ததா?

நேரா சொன்னால், பாதி ஆமாம். 2010-இல் ஹரி இயக்கிய சூர்யாவின் ‘சிங்கம்’ இந்திக்குப் போய், 2011-இல் ரோஹித் ஷெட்டி இயக்கத்தில் அஜய் தேவ்கன் படமானது. அந்த இந்திப் படத்தின் கிளைதான் 2018-இல் டிஸ்கவரி கிட்ஸில் தொடங்கிய ‘லிட்டில் சிங்கம்’, அதாவது சூர்யாவுக்கு இது பேரன் முறை. தயாரிப்பில் ரிலையன்ஸ் அனிமேஷனோடு ரோஹித் ஷெட்டி நிறுவனமும் உண்டு. கதை வேறு. வெட்டுக்குத்தெல்லாம் போய், மிர்ச்சி நகரைக் காக்கும் காக்கிச் சட்டைப் பொடியன். தமிழிலும் பேசுவதால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருப் பசங்க அவனை உள்ளூர்ப் போலீஸ் என்றே நினைக்கிறார்கள். ஒருத்தன் அப்பாவின் பெல்ட்டை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு ரோந்து போகிறான். எனக்கென்னவோ சண்டை கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் சூர்யா படத்தைவிடச் சத்தம் குறைவுதான்.